புயலின் அளவும் நம்முடைய ஆயத்தமும்



"கிழக்குக் கரைக்குத்தான் புயல், நமக்கு மழை மட்டும்தான்." நாகப்பட்டினம், கடலூர் போன்ற ஊர்களிலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து குடியேறிய நம்மவர்கள் நெடுங்காலம் இப்படி எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்திற்கு ஓரளவு நியாயமும் இருந்தது. வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் பெரும்பாலும் மேற்கு, வடமேற்குத் திசைகளில் நகர்ந்து தமிழகம், ஆந்திரம், ஒடிசா கரைகளைத் தாக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுகையில் அவற்றின் வேகம் குறைந்துவிடும். ஆனால் 2017-ஆம் ஆண்டு வந்த ஒக்கிப் புயல் இந்த நம்பிக்கையைத் தகர்த்துவிட்டது.

அவ்வாண்டு நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. அது இலங்கையைக் கடந்து குமரிக் கடலுக்குள் வந்து, மறுநாள் காலையிலேயே புயலாக மாறிவிட்டது. வழக்கமாகச் சில நாட்களில் நடைபெறும் வளர்ச்சி ஏறக்குறைய ஒரே நாளில் நடந்து முடிந்தது. அந்த நேரத்தில் பூந்துறை, விழிஞ்ஞம், புல்லுவிளை, பொழியூர் ஆகிய திருவனந்தபுரம் கடற்கரை ஊர்களிலிருந்தும், நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் ஆகிய குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்தும் சென்ற திரளான மீனவர்கள் கடலில் இருந்தார்கள். தூத்தூர் பகுதியினர் பல நாட்கள் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். அவர்களுடைய வயர்லெஸ் கருவிகள் கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் பயன்படாதவை. எச்சரிப்பு கரையிலே ஒலித்தது; கேட்க வேண்டியவர்களோ தொலைவிலே இருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், அல்லது காணாமற்போனார்கள். கணவனுடைய சரீரத்தைக்கூடக் காணாமல் துக்கங்கொண்டாடிய குடும்பங்கள் இந்தக் கரையில் அநேகம்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒரு காரியம் உண்டு. ஒக்கி குமரி, திருவனந்தபுரம் கடற்பகுதியைக் கடந்தபோது வானிலைத் துறையின் அளவுகோலில் அது "புயல்" என்னும் முதல் படியில்தான் இருந்தது. லட்சத்தீவைத் தாண்டிய பிறகே மணிக்கு 150 முதல் 160 கிலோமீட்டர் வேகமுள்ள "மிகத் தீவிரப் புயல்" ஆயிற்று. இத்தனை உயிர்ச்சேதம் உண்டாக்கிய புயல் நம்மைக் கடந்தபோது ஏன் சிறிய அளவில் குறிக்கப்பட்டது? இதற்கு விடை காண, புயல்கள் எவ்வாறு தரம் பிரிக்கப்படுகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

காற்றை அளக்கும் கோல்

கடல்நீரின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும்போது ஈரக்காற்று மேலெழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று விரைந்து வருகிறது. பூமியின் சுழற்சியினால் அது வளைந்து சுழலத் தொடங்குகிறது. இதை இந்தியாவில் புயல் என்றும், அமெரிக்கக் கரைகளில் ஹரிக்கேன் என்றும், ஜப்பான், பிலிப்பைன்ஸ் கரைகளில் டைஃபூன் என்றும் அழைக்கிறார்கள். பெயர்தான் வேறு, வஸ்து ஒன்றே.

இந்திய வானிலைத் துறை, தொடர்ந்து 3 நிமிடம் வீசும் காற்றின் சராசரி வேகத்தைக் கொண்டு பின்வருமாறு தரம் பிரிக்கிறது. வேகம் மணிக்குக் கிலோமீட்டரில்:

1. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 31 முதல் 49
2. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 50 முதல் 61
3. புயல்: 62 முதல் 88
4. தீவிரப் புயல்: 89 முதல் 117
5. மிகத் தீவிரப் புயல்: 118 முதல் 167
6. அதி தீவிரப் புயல்: 168 முதல் 221
7. சூப்பர் புயல்: 222-ம் அதற்கு மேலும்

மூன்றாம் படியை எட்டிய பின்புதான் அதற்குப் பெயர் சூட்டப்படுகிறது. ஒக்கி என்பது வங்கதேசம் கொடுத்த பெயர். வங்க மொழியில் "கண்" என்று பொருள்.

அமெரிக்காவில் ஹெர்பர்ட் சாஃபிர் என்னும் பொறியாளரும், ராபர்ட் சிம்ப்சன் என்னும் வானிலை அறிஞரும் வகுத்த ஐந்து படிகளுள்ள அளவுகோல் வழக்கில் இருக்கிறது. அது ஒரு நிமிடச் சராசரியைக் கணக்கிடுகிறது. மணிக்கு 119 கிலோமீட்டரில் முதல் படி தொடங்கும். 252-ஐ எட்டினால் ஐந்தாம் படி. 2015-இல் மெக்சிகோவின் மேற்கே எழும்பிய பட்ரிசியா மணிக்கு 345 கிலோமீட்டரைத் தொட்டது. இத்தகைய புயல்களுக்காக ஆறாம் படி ஒன்றைச் சேர்க்கலாமா என்று 2024-இல் விஞ்ஞானிகள் இருவர் கேள்வி எழுப்பினார்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரின்மேல் அது கொடுக்கும் அழுத்தம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்காகும். ஆகவே 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கிய தகரக் கூரை 120-ஐத் தாங்கும் என்று எண்ணலாகாது.

அளவுகோல் சொல்லாதவை

இந்தக் கோல்கள் எல்லாம் காற்றை மட்டுமே அளக்கின்றன. ஆனால் புயலில் மாண்டவர்களில் மிகுதியானோரை மாய்த்தது காற்றல்ல, தண்ணீரே. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது கரைமேல் ஏறிவந்த கடல். பாம்பனிலிருந்து சென்ற ரயிலையும் பயணிகளோடு அதுவே வாரிக்கொண்டது. 2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானா கரையைத் தொட்டபோது மூன்றாம் படிக்கு இறங்கியிருந்தது. ஆயினும் கடல் பொங்கி, கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கி, ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய தித்வா புயலை நினைத்துப் பாருங்கள். காற்றின் கணக்கில் அதுவும் வெறும் "புயல்"தான். ஆனால் அது கொட்டிய மழையில் மலையகம் சரிந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண் வீடுகளை மூடியது. நாடெங்கும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தோட்டத்து லயன்களில் வாழ்ந்த நம் தமிழ் மக்களும் அந்த வேதனைக்குள் அகப்பட்டார்கள்.

தூரமும் நம்மைக் காப்பதில்லை. 2021 மே மாதம் தவ்தே புயல் குஜராத்தில்தான் கரையேறியது. ஆனாலும் போகிற வழியில் திருவனந்தபுரம் கடற்கரையில் வீடுகளை இடித்து, வலியதுறைக் கடற்பாலத்தையும் சேதப்படுத்திற்று.

ஆகவே எச்சரிப்பு வரும்போது "எத்தனையாவது படி?" என்று மாத்திரம் கேட்பது போதாது. என் வீடு தாழ்வான இடத்தில் இருக்கிறதா? அருகில் கடலோ தோடோ மலைச்சரிவோ உண்டா? என் வீட்டார் யாராவது கடலில் இருக்கிறார்களா? இந்தக் கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அரபிக் கடல் மாறிவருகிறது

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பங்கேற்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, 1982 முதல் 2000 வரையிலான காலத்தோடு ஒப்பிடுகையில் 2001 முதல் 2019 வரை அரபிக் கடலில் புயல்களின் எண்ணிக்கை 52 விழுக்காடு கூடியிருப்பதாகக் கண்டது. கடல் சூடேறுவதே இதற்கு முக்கிய காரணம். சூடேறிய கடலில் புயல் விரைவாகப் பலங்கொள்ளும். அப்பொழுது நமக்குக் கிடைக்கும் அவகாசமும் குறையும்.

ஒக்கிக்குப் பின்பு சில நன்மைகளும் உண்டாயின. 2018 முதல் திருவனந்தபுரத்திலேயே புயல் எச்சரிப்பு மையம் ஒன்று இயங்குகிறது. கேரளம், கர்நாடகம், லட்சத்தீவு ஆகியவற்றிற்கு அது பொறுப்பேற்கிறது. ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் நாவிக், ஜெமினி கருவிகள் மீனவர்களுக்காக ஆயத்தமாயின. கடலுக்குச் செல்லும் நம் சகோதரர்கள் இத்தகைய கருவி இன்றிச் செல்லலாகாது.

மலையாளத்தில் வரும் எச்சரிப்பு

இந்த நகரத்தில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. பேச்சு மலையாளம் பழகியிருந்தாலும், செய்தியில் வரும் சொற்கள் பலருக்கு விளங்குவதில்லை. சிலவற்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். "நியூனமர்த்தம்" என்றால் காற்றழுத்தத் தாழ்வு. "தீவ்ர நியூனமர்த்தம்" என்பது தாழ்வு மண்டலம். "அதிதீவ்ர நியூனமர்த்தம்" என்பது ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அதாவது புயலுக்கு முந்திய படி. "சுழலிக்காற்று" என்றால் புயலே. "கடலாக்ரமணம்" கடல் கரையை அரிப்பது. "கள்ளக்கடல்" என்பது தொலைவிலுள்ள பெருங்கடலில் பிறந்த அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறுவது. "மாறித் தாமசிக்கணும்" என்று அதிகாரிகள் சொன்னால், உடனே வீட்டைவிட்டுப் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள் என்று பொருள்.

நிறங்களின் பொருளையும் அறியுங்கள். மஞ்சள்: செய்தியைக் கவனித்திரு. ஆரஞ்சு: ஆயத்தமாயிரு. சிவப்பு: உடனே செயல்படு. 24 மணி நேரத்தில் 204 மில்லிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்க்கப்படும்போது பொதுவாகச் சிவப்பு எச்சரிப்பு விடப்படுகிறது.

ஆயத்தம் அவிசுவாசமா?

"ஜெபித்தால் போதும், ஏன் மூட்டை கட்ட வேண்டும்?" என்று கேட்போர் நம் நடுவில் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை அவர்கள் மறுபடியும் வாசிக்கட்டும். இந்தப் பிரயாணம் சேதத்தில் முடியும் என்று பவுல் முன்னறிவித்தும், நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் அதிகமாய் நம்பினான். யூரோக்கிலிதோன் மோதியது. அதற்குப் பின்பு ஜெபமும் நடந்தது, நங்கூரம் இறக்குவதும் நடந்தது, பாரத்தைக் குறைப்பதும் நடந்தது, ஆகாரம் உண்டு பெலன்கொள்வதும் நடந்தது. கப்பல் உடைந்தது, 276 பேரும் கரைசேர்ந்தார்கள். அங்கே விசுவாசமும் ஆயத்தமும் ஒன்றுக்கொன்று விரோதமாக நிற்கவில்லை.

நம் தேசத்திலும் சாட்சி உண்டு. 1999 அக்டோபரில் ஒடிசாவைச் சூப்பர் புயல் தாக்கியபோது ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2013-இல் ஃபைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்குமுன் ஏறத்தாழ 10 லட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மாண்டவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டப்பட்ட புயல் காப்பகங்களும், காலத்தில் சொல்லப்பட்ட எச்சரிப்பும், அதற்குக் கீழ்ப்படிந்த மக்களுமே இந்த வித்தியாசத்திற்குக் காரணம்.

வீட்டில் செய்யவேண்டியவை

1. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் ஒரே இடத்தில் வையுங்கள்.
2. மூன்று நாளைக்குரிய குடிநீர், அவல், ரொட்டி, குழந்தைகளுக்குப் பால்மாவு, முதியோரின் மருந்துகள், டார்ச், பேட்டரி வானொலி ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கைபேசியை முன்னதாகவே சார்ஜ் செய்யுங்கள்.
3. மாடியிலும் முற்றத்திலும் கிடக்கும் தகரம், பூந்தொட்டி, பலகை ஆகியவை பெருங்காற்றில் ஆயுதங்களாகும். அவற்றை உள்ளே எடுத்துவிடுங்கள்.
4. தண்ணீர் வருமுன் மின்சார மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் சிலிண்டரை மூடுங்கள்.
5. காற்று திடீரென அடங்கினால் வெளியே வராதீர்கள். புயலின் கண் கடந்து செல்லும்போது அமைதி உண்டாகும். பின்பு எதிர்த்திசையிலிருந்து முன்போலவே காற்று வீசும்.
6. அறுந்து கிடக்கும் மின்கம்பியின் அருகே போகாமல் 1912-க்குச் சொல்லுங்கள். மாவட்ட அவசர உதவிக்கு 1077, மாநில அளவில் 1070, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554, எந்த அவசரத்திற்கும் 112.
7. அலையைப் பார்க்கவும் படம் எடுக்கவும் சங்குமுகத்திற்கோ கோவளத்திற்கோ பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

சபையாக நாம் செய்யக்கூடியவை

நம்முடைய சபைகளில் பல, வாடகை மாடிகளிலும் தகரக் கூரைகளின் கீழும் கூடுகின்றன. சிவப்பு எச்சரிப்பு உள்ள நாளில் அப்படிப்பட்ட இடத்தில் முழு இரவு ஜெபம் வைப்பதைத் தள்ளிப்போடுவதே புத்தி. அவரவர் வீட்டிலிருந்து ஏறெடுக்கும் ஜெபமும் கேட்கப்படும். தகரக் கூரையுள்ள ஆலயம் அடைக்கலமாகாது. அரசு அறிவிக்கும் முகாமே அடைக்கலம்.

தனியே வாழும் விதவைகள், முதியோர், கர்ப்பிணிகள், படுக்கையிலுள்ள நோயாளிகள் ஆகியோரின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு வீட்டுக்கூட்டத்திலும் இருக்கட்டும். எச்சரிப்பு வந்தவுடன் யார் யாருக்குப் போன் செய்வது, யாரை யார் அழைத்துச் செல்வது என்று முன்னமே தீர்மானியுங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்த வாலிபர் ஒருவர் அதிகாரபூர்வ அறிவிப்பை வாசித்து எல்லாருக்கும் தமிழில் சொல்லட்டும். "சசேத்" என்னும் அரசு செயலியில் எச்சரிப்புகள் இந்திய மொழிகள் பலவற்றில் கிடைக்கின்றன. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய சுனாமிச் செய்தியைச் சரிபாராமல் பரப்புவது பிறரைத் திகிலடையச் செய்யும் தவறு. வேலைக்காக அண்மையில் வந்து, கட்டடப் பணியிடக் கொட்டகைகளில் தங்கியிருப்போரையும் மறவாதிருங்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை.

ஒக்கி கடந்து ஒன்பது மாதங்கள் ஆகுமுன், 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அப்பொழுது பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர், பத்தனம்திட்டைப் பகுதிகளுக்குச் சென்று, கூரைகளின்மேல் தவித்தவர்களை மீட்டார்கள். கடலில் தங்கள் சொந்தங்களை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தக் கரையோரத்தில், அந்த மக்களின் அயலாராக நாமும் வாழ்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இந்த மாதத்திலேயே அந்தப் பட்டியலை எழுதி முடியுங்கள்.