திறவாத கணக்கு

கடந்த நவம்பர்த் திங்களில் ஒருநாள், காலைத் திருப்பலி முடித்து நாம் பங்கு இல்லத்துக்குத் திரும்பியபோது, தாழ்வாரத்துப் பெஞ்சியில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் காத்திருந்தார். வயது எழுபத்தெட்டு. மடியில் ஒரு துணிப்பை. அதனுள் கணவரின் படைச்சேவைக் காகிதங்கள், பேரன் எழுதிக் கொடுத்த ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கைபேசி. கணவர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. அவர் காலமான பின்னர் மனைவிக்கு வரும் ஓய்வூதியத்தைக் கொண்டே அந்த வீட்டில் அடுப்பெரிகிறது.

"சாமி, மூணு நாளாத் தட்டித் தட்டிப் பாக்கிறேன், கதவு தொறக்கமாட்டேங்குது" என்றார். அவர் கதவு என்று குறித்தது ஓய்வூதியத்துக்கான இணையக் கணக்கை. ஆண்டுக்கொரு முறை, தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கும் சான்றை அவர் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிடில் பணம் நின்றுவிடும். கெடுவுக்கு இன்னும் பத்து நாள்களே இருந்தன. இறந்தோரை நினைந்து நாம் செபிக்கும் மாதத்தில், இருப்பவர் தாம் இருப்பதை நிலைநாட்ட அலைவதைக் காண நமக்கு ஒருபுறம் வேடிக்கையாகவும் மறுபுறம் வேதனையாகவும் இருந்தது.

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான கைமாற்றம் நிறைவேறிற்று. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் பல. அவற்றின் வாழ்வு இன்றும் கடலுக்கு அப்பாலுள்ள அலுவலகங்களோடு பின்னிக் கிடக்கிறது. முன்னாளில் இச்சான்று காகிதமாகவே போயிற்று. 2019-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பிரெஞ்சு ஓய்வூதிய நிறுவனங்கள் பல, ஒருவர் அனுப்பும் ஒரே சான்றைத் தங்களுக்குள் பகிர்ந்து கொள்கின்றன. அதனை இணையத்தின் வழியும் அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு முதலில் கணக்குக்குள் நுழைந்தாக வேண்டும்.

நாம் குருமடத்தில் கற்றது மெய்யியலும் இறையியலுமேயன்றிக் கணிப்பொறியன்று. எனினும் இத்தகைய வழக்குகள் நம் மேசைக்கு வந்து வந்து, ஒருவாறு பழகிவிட்டோம். அம்மையாரின் நோட்டைப் பிரித்தோம். கடவுச்சொல், அதாவது பாஸ்வேர்டு, பேரன் கையால் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. முதலெழுத்து ஆங்கிலச் சிறிய எழுத்து. கைபேசியோ, தானே முந்திக்கொண்டு முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கி வைத்திருந்தது. கடவுச்சொல்லைக் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்துக்கொள்ள, ஓரத்திலுள்ள கண் போன்ற குறியைத் தொட்டாலே போதும்; பாதிப் பேருடைய தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். பயனர் பெயருக்குப் பின்னே கைபேசி தானாகச் சேர்த்துவிடும் ஓர் இடைவெளி, சுழியத்துக்கும் 'ஓ' என்னும் எழுத்துக்கும் உள்ள மயக்கம், தமிழ்த் தட்டச்சிலேயே விட்டுவிட்ட விசைப்பலகை, இவையும் நாம் அடிக்கடி காணும் குற்றவாளிகள்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கதவு திறக்கவில்லையென்று மீண்டும் மீண்டும் தட்டாதீர். பல வங்கிகளிலும் அலுவலகங்களிலும் சில முறை பிழையாக இட்டவுடன் கணக்கு தானே பூட்டிக்கொள்ளும். பின்னர் சரியான சொல்லை இட்டாலும் உரிய நேரம் கழியும்வரை ஏற்காது. சரியான சாவியை வைத்துக்கொண்டே அது பிழையென்று எண்ணித் தூக்கியெறிந்தவர்களை நாம் அறிவோம். இருமுறை தவறினால் நிறுத்திவிட்டு, 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்னும் வழியாகச் செல்வதே முறை.

அம்மையாருக்கு நாம் இட்ட கடவுச்சொல் ஏற்கப்பட்டது. அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே திரையில் இரண்டாவது கதவு எழுந்தது: கைபேசிக்கு அனுப்பிய இலக்கங்களை இடுக. இதைத்தான் ஓ.டி.பி. என்கிறோம். காத்திருந்தோம், வரவில்லை. மீண்டும் கேட்டோம், வரவில்லை. (கேட்கும்போதெல்லாம் பழைய எண் செல்லாமற் போய்ப் புதியதே செல்லும் என்பதைப் பலர் அறியார். இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தால் பிந்தியதைத்தான் இட வேண்டும்.) பிறகுதான் திரையை உற்று நோக்கினோம். எண் அனுப்பப்பட்ட கைபேசியின் கடைசி இரண்டு இலக்கங்களை அது காட்டியிருந்தது. அவை அம்மையாருடைய கைபேசியின் இலக்கங்கள் அல்ல.

மூன்று ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு வந்த பேரன், பாட்டிக்கு உதவியாகக் கணக்கைத் தொடங்கி, தன் மின்னஞ்சலையும் பாரிசில் தான் வைத்திருந்த கைபேசி எண்ணையும் கொடுத்திருக்கிறான். பின்னர் அவன் எண்ணை மாற்றிவிட்டான். பாட்டியின் கதவுக்கான சாவி, ஆளற்ற ஒரு வீட்டுக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது!

பேரனைக் குறை கூறுவதற்கில்லை. நம் பங்கில் பாதிக் கணக்குகள் இவ்வாறு பிறர் எண்ணிலேயே பிறந்தவை. கணினி மையத்தில் விண்ணப்பம் போடுகையில், "மின்னஞ்சல் இல்லையா? சரி, நம்மதையே போட்டுடுவோம்" என்று அங்குள்ள தம்பி நல்லெண்ணத்தோடு தன் முகவரியை இட்டுவிடுவதுண்டு. சில ஆண்டுகளில் அவர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விடுகிறார். கடவுச்சொல்லைப் புதுப்பிக்கும் கடிதம் அவரைத் தேடிச் செல்கிறது. ஆகவே கணக்கு திறவாதபோது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என் கடவுச்சொல் யாது என்பதன்று. இக்கணக்கில் பதிந்துள்ள கைபேசி எண் யாருடையது என்பதே.

எண்ணை மாற்றுவோரும் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்று மாத காலம் பயன்படுத்தாமலும் பணம் போடாமலும் கிடக்கும் சிம் நிறுத்தப்படும். சிலகாலம் கழித்து அதே எண் முன்பின் அறியாத வேறொருவருக்கு வழங்கப்படும். வங்கி உமக்கென அனுப்பும் இரகசிய எண் அதன்பின் அவர் கையில் விளங்கும். நாகூருக்கோ தரங்கம்பாடிக்கோ மணமாகிச் சென்ற நம் பெண்கள் புது எண் வாங்கிய அன்றே வங்கியிலும் ஆதாரிலும் அதனைப் பதிவது இன்றியமையாதது. ஆதாரில் கைபேசி எண்ணைப் புதுப்பிக்க ஆவணம் ஏதும் வேண்டியதில்லை; ஆதார் மையத்துக்கு நேரில் சென்று கைரேகை வைத்தால் முடிந்தது. அஞ்சல்காரர் வழியாகவே இதனைச் செய்யும் ஏற்பாடும் 2021-இல் தொடங்கப்பெற்றது. நம் அஞ்சலகத்தில் கேட்டறியலாம்.

பெயர் பற்றியும் சொல்ல வேண்டும். இது காரைக்காலுக்கே உரிய தலைவலி. 1881-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைப்படி, தம் சாதி வழமைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டனர். அவர் வழிவந்தோருக்குப் பிரெஞ்சு ஏட்டில் குடும்பப் பெயர் ஒன்று, தம் பெயர் வேறு. இந்திய ஏட்டிலோ தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும். இணையக் கணக்கோ எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் 'நீர் நீரே' என்று ஒப்பும். ஆரோக்கியசாமி என்னும் அழகிய பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே 'சி' என்னும் எழுத்தைச் சேர்ப்பாரும் உண்டு, விடுப்பாரும் உண்டு. அந்தோனி என்பதற்கு நம் திருமுழுக்குப் பதிவேட்டிலேயே பல்வேறு எழுத்துக்கோவைகளைக் கண்டிருக்கிறோம். முந்தைய பங்குத்தந்தையர் ஒவ்வொருவரும் தம் காதுக்கு எட்டியவாறு எழுதிச் சென்றிருக்கின்றனர். (நம் கையெழுத்தும் வருங்காலத்தில் யாரையோ அலைக்கழிக்கத்தான் போகிறது.) பெயர் பொருந்தவில்லையென்று கணக்கு கூறினால் கடவுச்சொல்லை ஆயிரம் முறை மாற்றியும் பயனில்லை, எந்த ஏட்டில் பிழையோ அந்த ஏட்டைத்தான் திருத்த வேண்டும்.

அம்மையாரின் கதைக்குத் திரும்புவோம். பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்தது. முந்திய நாள் மாலை, அடுத்த வீட்டுப் பிள்ளை இணையத்தில் தேடி ஓர் 'உதவி எண்ணை' எடுத்துக் கொடுத்திருக்கிறான். அழைத்ததும் ஒருவர் மிக்க பணிவோடு பேசி, "பாட்டி, ஒரு செயலியை இறக்கிக்குங்க, நானே சரிபண்ணித் தர்றேன்" என்றாராம். அம்மையாரின் கைபேசியில் பேரப்பிள்ளைகளின் படங்கள் நிறைந்து இடமில்லாமையால் செயலி இறங்கவில்லை. அந்த இடநெருக்கடி ஒரு குடும்பத்தையே காத்தது. எனிடெஸ்க், டீம்வியூவர் முதலியவை நல்ல பணிகளுக்கென உருவானவையே; ஆயினும் அவற்றை முன்பின் அறியாதவர் சொல்கேட்டு நிறுவினால், உம் திரையில் தோன்றுவதனைத்தும் அவர் கண்ணுக்கும் தோன்றும்; வங்கியிலிருந்து வரும் இரகசிய எண் உள்பட.

போலி உதவி எண்களை இணையத்தில் பரப்பி வைப்பது இன்று ஒரு தொழிலாகவே நடைபெறுகிறது. வங்கியின் எண் வேண்டுமெனில் பாஸ்புத்தகத்திலோ ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலோ பாருங்கள். கணக்கு திறவாமல் மனம் கலங்கியிருக்கும் வேளையே ஏமாற்றுவோர் காத்திருக்கும் வேளை. பணம் பறிபோயிற்றென்று ஐயுற்றால் வெட்கப்பட்டுக் கொண்டு மறுநாள்வரை பொறுத்திராமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும். பணம் கைமாறிப் போகுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு மணி நேரமும் அவ்வாய்ப்பைக் குறைக்கிறது.

நாம் பேரனை அழைத்தோம். நவம்பரில் பிரான்சு நமக்கு நான்கரை மணி நேரம் பிந்தியது; அங்கு காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் அலுவலகம் நமக்குப் பிற்பகல் ஒன்றரை மணிக்குத்தான் திறக்கும். காலையிலேயே அழைத்து, யாரும் எடுக்கவில்லையென்று மனம் சோர்வோர் இக்கணக்கை நினைவில் வைப்பார்களாக. எண்ணை மாற்றித் தர அலுவலகத்தார் பேரனிடம் ஆவணங்கள் கேட்டனர்; அதற்குச் சில நாள்களாகும் என்பது தெரிந்தது. அதுவரை காத்திராமல் அம்மையாரைப் பழைய வழியிலேயே அனுப்பினோம். காகிதப் படிவம் இன்னும் இறந்துவிடவில்லை. படிவத்தில் குறித்துள்ளவாறு அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, அதன் நகலொன்றை நம்மிடம் வைத்துவிட்டுப் பதிவஞ்சலில் அனுப்பினார். இணையக் கதவு அடைபட்டால் வேறு கதவில்லையென்று எண்ணுவதுதான் நம் முதியோரை மோசக்காரரிடம் தள்ளிவிடுகிறது.

நம் பங்கில் மைய அரசு ஓய்வூதியரும் உளர். அவர்களுக்கு 2014 நவம்பர் 10-இல் தொடங்கப்பெற்ற ஜீவன் பிரமாண் என்னும் முறை உண்டு. இதில் கடவுச்சொல்லை நினைவில் வைக்கும் தொல்லையில்லை. ஆதார் எண்ணும் ஓய்வூதிய ஆணை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தால், கைரேகையே சாவி. முதுமையால் ரேகை தேய்ந்தோர்க்கு 2021 நவம்பர் முதல் முகத்தைக் காட்டும் வழியும் வந்துள்ளது. அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து செய்து கொடுக்கும் வசதி 2020-இல் ஏற்பட்டது. படுக்கையிலிருப்போர்க்கு இது பேருதவி. எண்பது வயது நிறைந்தோர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியரோ ஆண்டின் எந்நாளிலும் அளிக்கலாம். அளித்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும்.

சனவரித் திங்களில் அம்மையார் மீண்டும் வந்தார். பணம் தவறாமல் வந்துவிட்டதாம். கணக்கில் இப்போது அவருடைய எண்ணே பதிந்திருக்கிறது. நோட்டின் முதற்பக்கத்தில், எந்தெந்த அலுவலகத்தில் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்பதைப் பேத்தியைக் கொண்டு வரிசையாக எழுதி வைத்திருந்தார். கடவுச்சொல் எழுதிய பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். உடன் இன்னொரு மூதாட்டியும் வந்திருந்தார். அவர் மடியிலும் ஒரு துணிப்பை இருந்தது.