மின்னும் முகமும் காக்கவேண்டிய கண்ணும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்பவர்கள் வித்துராவைக் கடந்தே மலையேற வேண்டும். கல்லாற்றின் உருண்ட பாறைகளும் தேயிலைச் சரிவுகளும் மணமக்களைப் படமெடுப்பவர்களுக்கு விருப்பமான பின்னணிகள். மழை வலுத்தால் வெளிப்புறப் படப்பிடிப்பு நின்றுவிடும். அந்த நாட்களில் கைகொடுப்பது, இருண்ட அறையில் முகத்தில் ஜிகினா மின்ன எடுக்கப்படும் உருவப்படம். கன்னத்திலும் நெற்றியோரத்திலும் பொன்னும் நீலமும் சிதறிய இவ்வகைப் படங்களை இன்று திருமண ஆல்பங்களிலும், பிறந்தநாள் அட்டைகளிலும், கல்லூரி மாணவியரின் கைப்பேசிகளிலும் காண்கிறோம்.

அப்பகுதியில் சிறிய ஒளிப்பட நிலையம் தொடங்க முன்வந்த ஓர் அக்கா, தம்பி இருவரின் கடன் விண்ணப்பத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். அக்கா ஒப்பனைக் கலைஞர். தம்பி ஒளிப்படக் கலைஞர். கேமரா, விளக்குகள், பின்திரை எனத் திட்ட மதிப்பீடு ஒழுங்காகவே இருந்தது. அதன் இறுதியில் ‘ஜிகினாத் தூள், ஒரு கிலோ’ என்றொரு வரி. மதிப்பீட்டிலேயே மிகச் சிறிய தொகை அதுதான். எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்ததும் அதுதான். காரணம், தம்பியின் வலக்கண் சிவந்திருந்தது. முந்தைய வாரம் ஒத்திகைப் படம் எடுக்கையில் ஒரு துகள் கண்ணில் விழ, அவர் கசக்கிவிட்டார். மூன்று நாட்கள் வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லையாம். “ஃபேன்சி கடையில் வாங்கியதுதான் சார், எல்லாரும் அதைத்தானே பூசுகிறார்கள்” என்றார் அக்கா.

அரிதாரம் சொல்லும் பாடம்

மேடை ஒப்பனையைத் தமிழில் ‘அரிதாரம்’ என்கிறோம். அச்சொல் உண்மையில் ஒரு கனிமத்தின் பெயர். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறப் பொருள் அது. கதகளிக் கலைஞர்கள் ‘மனயோலை’ என்ற பெயரில் முகத்துக்குப் பயன்படுத்தி வந்ததும் அதுவே. ஒப்பனைக் கலைக்கே நஞ்சின் பெயரைச் சூட்டியிருக்கிறோம் என்பது வியப்புக்குரியது. இன்று, நிறமூட்டுவதற்காக ஆர்சனிக் அல்லது ஈயச் சேர்மங்களைக் கலந்து அழகுசாதனப் பொருட்களைத் தயாரிக்க இந்திய விதிகள் தடை செய்கின்றன. முகத்தில் பூசுவது எதனால் ஆனது என்று கேட்பதே பாதுகாப்பின் முதற்படி. ஜிகினாவுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இரண்டு பொட்டலங்கள், இரண்டு பொருட்கள்

வாழ்த்து அட்டைக்கும் பொம்மைக்கும் ஒட்டும் கைவினை ஜிகினா பெரும்பாலும் அலுமினியப் பூச்சுள்ள பாலியெஸ்டர் படலத்தை நறுக்கிச் செய்யப்படுவது. துகள்கள் அளவில் பெரியவை, விளிம்புகள் கூரியவை. கருவிழியின் மேற்பரப்பில் ஒன்று உராய்ந்தாலே கீறல் விழும். கீறலில் கிருமி புகுந்தால் புண்ணாகிப் பார்வைக்கே கேடு நேரலாம்.

ஒப்பனைக்கென விற்கப்படும் ஜிகினாவின் துகள்கள் பொதுவாக 0.2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான அளவுடையவை. தோலுக்கு ஏற்ற நிறமிகளால் ஆனவை. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம்; லேபிளே வழிகாட்டி. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய இறுதிக் காலம், உட்பொருட்களின் பட்டியல் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளாயின் இறக்குமதியாளரின் விவரமும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் தேவை. கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும் பெயரற்ற பொட்டலத்தில் இவற்றுள் ஒன்றும் இராது. ‘நச்சற்றது’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அது முகத்தில் பூசத் தக்கது என்று பொருளல்ல.

பூசும் முறை

முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி 24 மணி நேரம் கவனிக்க வேண்டும். அரிப்போ தடிப்போ தோன்றினால் அப்பொருளைத் தவிர்த்துவிடலாம். முகப்பரு, வெட்டுக்காயம், அப்போதுதான் மழித்த தோல் ஆகியவற்றின் மீது பூசலாகாது. ஒட்டுவதற்குத் தோலுக்கென விற்கும் ஜிகினாப் பசையோ பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். காகிதம் ஒட்டும் பசை வேண்டாம். முடியில் தெளிக்கும் ஸ்ப்ரே எளிதில் தீப்பற்றக்கூடியது, கண்ணையும் எரிக்கும். அதை முகத்தில் அடிப்பது ஆபத்து.

தூளைக் கையால் தூவாமல், ஈரப் பசையில் சற்றுத் தட்டையான தூரிகையால் அழுத்தி ஒட்டுதல் நலம். இமைகளின் விளிம்பு, கண்ணின் உள்மூலை, உதடு, மூக்குத் துவாரத்தின் அருகு ஆகிய இடங்களை விட்டுவிட வேண்டும். கன்ன எலும்பின் மேற்புறம், நெற்றிப் பொட்டு, தோள், காறையெலும்பு ஆகியவை பாதுகாப்பானவை. படத்திலும் எடுப்பாகத் தெரிபவை. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர் அன்று கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியுடன் வருவது நல்லது. சிறு குழந்தைகளின் முகத்தில் ஜிகினாவே வேண்டாம். அவர்கள் கை கண்ணுக்கும் வாய்க்கும் போகாமல் எவராலும் தடுக்க இயலாது.

ஒளியே பாதி வேலை செய்யும்

படத்தில் போதிய மினுமினுப்பு இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஜிகினா சேர்ப்பதே பலரின் வழக்கம். உண்மையில் ஒவ்வொரு துகளும் ஒரு சிறு கண்ணாடி. ஒளி பட்டுத் தெறிக்கும் கோணத்தில் கேமரா இருந்தால்தான் அது மின்னும். ஆகவே தூளைக் கூட்டுவதற்குப் பதிலாக விளக்கை நகர்த்த வேண்டும். கறுப்புப் பின்திரை, பக்கவாட்டில் 45 பாகை உயரத்தில் மறைப்பற்ற ஒரே விளக்கு, அதற்கு எதிர்ப்புறம் மங்கலான வண்ணத்தாள் ஒளி எனும் அமைப்பில் கால் தேக்கரண்டித் தூளே முகத்தை நிறைத்துக் காட்டும். லென்ஸின் துளையை எஃப் 8 அளவில் வைத்தால் கண்ணும் கன்னமும் ஒருங்கே கூர்மையாகப் பதியும். அறையில் தூள் பறக்கையில் லென்ஸைக் கழற்றி மாற்றினால், மனிதர் கண்ணுக்கு நேர்ந்தது கேமராவின் உணரிக்கும் நேரும்.

உள்ளங்கையில் ஜிகினாவை வைத்து ஊதும் படம் மிகவும் விரும்பப்படுவது. மிகவும் ஆபத்தானதும் அதுவே. ஊதியவர் அடுத்து மூச்சை உள்ளிழுக்கையில் துகள்கள் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் செல்கின்றன. இதற்கு எளிய மாற்று உண்டு. வெறுங்கையை ஊதுவதுபோல் ஒரு படம். ஆளில்லாத கறுப்புத் திரைமுன் தூள் விழுவதுபோல் இன்னொரு படம். கணினியில் இரண்டையும் ஒன்றிணைத்தால் வேறுபாடு தெரியாது.

ஜிகினாவுக்குப் பதிலாக வண்ண மாவுப்பொடியைப் பறக்கவிடுவதும் தீர்வாகாது. 2015 ஜூன் 27 அன்று தைவானின் நியூ தைபேயில் உள்ள நீர்ப்பூங்காவில் நடந்த கேளிக்கை நிகழ்ச்சியில், காற்றில் பரவிய வண்ணச் சோளமாவு தீப்பற்றியது. 15 பேர் உயிரிழந்தனர். சுமார் 500 பேர் காயமுற்றனர். மூடிய அறையில், சூடான விளக்கின் அருகில் மாவுத்தூள் பறப்பது சிறு செய்தியன்று.

துடைத்தபின் எங்கே போகிறது?

படம் முடிந்ததும் முகத்தை உலர்ந்த துணியால் தேய்க்கலாகாது. முதலில் ஒட்டுநாடாவை மெல்ல ஒற்றித் துகள்களை எடுத்து, பின்னர் தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சால் கண்ணிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். அப்பஞ்சைக் குப்பையில் சேர்க்க வேண்டும். ஓடும் நீரில் முகம் கழுவுவது அதன் பிறகே.

வித்துராவில் இந்த ஒழுங்குக்குக் கூடுதல் பொருள் உண்டு. கல்லாறு வாமனபுரம் ஆற்றின் துணையாறு. அருகிலுள்ள பேப்பாறை அணை, கரமனை ஆற்று நீரைத் தேக்கித் தலைநகருக்குக் குடிநீர் தருவது. மலையடிவாரத்தில் ஓடையில் முகம் கழுவினால் அந்த பிளாஸ்டிக் துகள் கீழேயுள்ளவர்களின் நீரில் கலக்கும். கைவினைக்கான உதிரி பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல் தடுத்திருப்பதும் இத்தகைய நுண்பிளாஸ்டிக் குறித்த கவலையால்தான். மரக்கூழ் இழையால் செய்யப்படும் ஜிகினா இப்போது கிடைக்கிறது. ஆற்றங்கரையில் எடுப்பதாயின் அதையும் அளவோடு பயன்படுத்தி, அங்கேயே துடைத்துத் திரட்டி எடுத்து வருதல் முறையாகும்.

கண்ணில் விழுந்துவிட்டால்

கசக்கக் கூடாது. கையைக் கழுவி, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் அகற்றி, தூய நீரைக் கண்ணில் மெதுவாக ஓடவிட்டு இமைக்க வேண்டும். துகளை நகத்தாலோ துணி நுனியாலோ எடுக்க முயலலாகாது. வலி, சிவப்பு, கூச்சம், மங்கல் நீடித்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். திருவனந்தபுரத்தில் அரசின் மண்டலக் கண் மருத்துவ நிலையம் இருக்கிறது. மீதமிருந்த பழைய சொட்டு மருந்தைத் தாமாக விடுவது கேட்டை வளர்க்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

கணக்கும் காப்பீடும்

இத்தகைய சிறு தொழில்களுக்குப் பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில் பிணையின்றிக் கடன் பெறலாம், ரூ.50,000 வரை ‘சிஷு’, அதற்கு மேல் ரூ.5 லட்சம் வரை ‘கிஷோர்’ பிரிவு. திட்ட மதிப்பீட்டில் தரமான ஒப்பனைப் பொருள், பாதுகாப்புக் கண்ணாடி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அதை வீண்செலவாக எந்த அலுவலரும் கருதமாட்டார்.

18 முதல் 70 வயது வரையுள்ள கணக்குதாரர்கள் ஆண்டுக்கு ரூ.20 செலுத்திப் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்தில் இரு கண்களின் பார்வையும் மீளாதவாறு போனால் ரூ.2 லட்சம், ஒரு கண்ணாயின் ரூ.1 லட்சம். தொகையைக் கேட்கையிலேயே நாம் உணர்வது ஒன்று உண்டு: காப்பீடு பணத்தைத் தரும், பார்வையைத் தராது.

இரு வாரங்களுக்குப் பின் அந்த அக்காவும் தம்பியும் திருத்திய மதிப்பீட்டுடன் கிளைக்கு வந்தனர். ‘ஒரு கிலோ’ என்ற வரி அடிக்கப்பட்டு, உரிம எண்ணுள்ள சிறு டப்பாக்கள் ஆறும், கூடுதலாக ஒரு விளக்குத் தாங்கியும் சேர்க்கப்பட்டிருந்தன. மொத்தத் தொகை சற்றே உயர்ந்திருந்தது. தம்பியின் கண் தெளிந்திருந்தது. கடனுக்கு ஒப்புதல் அளித்தோம்.