வங்கக் கடலுக்கு வந்த கப்பல்கள்

வட அந்தமானில் போர்ட் கார்ன்வாலிஸ் என்றொரு விரிகுடா உண்டு. அந்தமானில் பிறந்த நான் அதைப் படகிலிருந்து பார்த்திருக்கிறேன். சுற்றிலும் காடு, நடுவே அலையடங்கிய நீர். கிழக்குப் பாகிஸ்தானில் 1971 மார்ச்சில் உள்நாட்டுப் போர் மூண்டதே, அவ்வாண்டு விக்ராந்த் என்னும் நம் விமானந்தாங்கிக் கப்பலை இங்கேதான் மறைத்து வைத்தனர். அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தருகே அழிந்தது. டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

அயல்நாட்டுப் போரில் நாம் ஏன் புகுந்தோம்? இரக்கம் மட்டுமா? ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்துவிட்டனர். அவர்களுக்குச் சோறிட வேண்டியிருந்தது. பகைநாடு இரண்டாவதில் நமக்கு ஆதாயமும் இருந்தது. இதை மறைப்பானேன்?

அமெரிக்காவோ எண்டர்பிரைஸ் கப்பலை மலாக்கா நீரிணை வழியே வங்கக் கடலுக்கு அனுப்பியது. பாகிஸ்தான்மேல் அத்தனை பாசமா? அந்த ஜூலையில் கிசிங்கர் பாகிஸ்தான் வழியாகத்தான் இரகசியமாகப் பீகிங் சென்றார். ‘நண்பனைக் கைவிடுபவர்கள்’ என்று சீனர் எண்ணிவிடக் கூடாதே என்ற கவலை! ஆகஸ்டு 9-இல் நம்மோடு உடன்படிக்கை செய்துகொண்ட ருஷ்யாவும் கப்பல்களை அனுப்பியது. அதற்கும் சீனாவோடு பகை. டாக்காவில் மக்கள் மடிய, இரு வல்லரசுகளின் பார்வையும் பீகிங்மேல் இருந்தது.

டிசம்பர் 16-இல் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்தது. ஏன் புகுந்தார்கள் என்பதோடு, எப்போது வெளியேறினார்கள் என்றும் நான் கேட்பேன். இந்தியப் படை 1972 மார்ச்சில் வங்கதேசத்தை விட்டுத் திரும்பியது.