ஒரு மூட்டை சிமெண்ட்ல எவ்வளவு கார்பன்?

ஒரு வீடு கட்டி முடிச்சு, பால் காய்ச்சிக் குடி போறோம். இன்னும் ஒரு ஃபேன்கூட ஓடல. ஆனா அந்த வீட்டுக்காக ஏற்கெனவே டன் கணக்குல கார்பன் டை ஆக்சைடு காத்துல கலந்தாச்சு. கல்லை உடைச்சது, சூளையில வேகவெச்சது, இரும்பை உருக்கினது, லாரியில கொண்டு வந்தது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. பொதிந்த கார்பன்னு சொல்றோம். கரண்ட் செலவை நாளைக்கு சோலார் போட்டுக் குறைச்சுக்கலாம். இதை அப்படிப் பின்னாடி குறைக்க முடியாது. அதனாலதான் கட்டுறதுக்கு முன்னாடியே இதை அளக்கணும்னு நான் இவ்வளவு வலியுறுத்துறேன்.

முதல்ல சிமெண்ட். அரியலூர் பக்கம் ஒரு காலத்துல கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்னிக்கு வெட்டி எடுக்கிறாங்க. அதைக் களிமண்ணோட சேர்த்து 1450 டிகிரி வரைக்கும் சூடாக்கினா கிளிங்கர் கிடைக்கும். கிளிங்கரை ஜிப்சத்தோட அரைச்சா சிமெண்ட். சூளைக்கு எரிக்கிற நிலக்கரியில இருந்துதான் புகை வருதுன்னு நாம நினைச்சுக்கிறோம். ஆனா பெரும்பங்கு அந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டா, 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடா வெளியேறிடும். நம்ம ஊர் சுண்ணாம்புக் காளவாய்லயும் நடந்தது இதேதான். சூளையை முழுக்கச் சூரிய ஒளியிலயே ஓட்டினாலும் அந்த 44 கிலோ வந்தே தீரும்.

எல்லாம் சேர்த்தா, சாதாரண ஓபிசி சிமெண்ட் ஒரு டன்னுக்குச் சுமார் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு. 50 கிலோ மூட்டைக்கு 45 கிலோ. மூட்டையில விலை இருக்கு, கிரேடு இருக்கு, தயாரிச்ச வாரம் இருக்கு. இந்த 45 மட்டும் இல்ல.

இப்ப கணக்குப் போடலாம். பொருளோட அளவை அதுக்கான கார்பன் எண்ணால பெருக்கணும், அவ்வளவுதான். நம்ம இன்ஜினியர்கள் வெச்சிருக்கிற தோராயக் கணக்குப்படி 1000 சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை சிமெண்ட், 4 டன் கம்பி. சிமெண்ட்டோட கார்பன் மட்டும் 18 டன். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் வாங்கினா மூட்டைக்கு 35 கிலோ, இல்ல அதுக்கும் கீழ. நாலு டன்னாவது மிச்சம்.

பெருக்கல் சுலபம். அந்த எண் எங்கிருந்து வந்ததுங்கிறதுதான் விஷயம். இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்துல ஜெஃப் ஹாமண்ட், கிரெய்க் ஜோன்ஸ் ரெண்டு பேரும் தொகுத்த ஐசிஇ பட்டியலை உலகம் முழுக்க எடுத்துப் போடுறாங்க. நல்ல உழைப்பு. ஆனா அந்த ஊர் செங்கல் சூளை வேற, நம்ம சூளை வேற. இந்தியப் பொருள்களுக்குன்னு உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி 2017ல ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கு. இங்க கட்டுற வீட்டுக்கு அதுல இருந்து தொடங்குங்க.

கம்பியில இந்தச் சிக்கல் இன்னும் பெரிசு. இரும்புத்தாதுவை நிலக்கரியோட ஊது உலையில உருக்கினா, டன்னுக்கு 2 டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு. பழைய இரும்பை மின் உலையில உருக்கினா அதுல பாதிகூட வராது. ஆனா நிலக்கரியில தயாரிச்ச ஸ்பாஞ்ச் அயர்னை அதே மின் உலையில போட்டா எண் மறுபடி ஏறிடும். கடையில ரெண்டு டிஎம்டி கம்பியும் பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால இபிடி இருக்கான்னு கேளுங்க. தயாரிப்பாளர் கணக்குக் கொடுத்து, வெளியாள் ஒருத்தர் சரிபார்த்த அறிக்கை அது.

அதைப் படிக்கும்போது எதுவரைக்கும் அளந்திருக்காங்கன்னு பாருங்க. ஐரோப்பியத் தரநிலையில ஏ1லிருந்து ஏ3 வரைக்கும்னா தொழிற்சாலை வாசல் வரைக்கும். ஏ4 லாரிப் பயணம், ஏ5 கட்டுமான இடத்து வேலை. பி, சி எல்லாம் பராமரிப்பு, கடைசியில இடிக்கிறது. வாசலோட நிறுத்தின எண்ணையும் இடிக்கிற வரைக்கும் போன எண்ணையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடுறது தப்பு.

கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுறதும் தப்பு. ஏஏசி பிளாக்கோட எண் கிலோவுக்குச் செங்கல்லைவிடக் கூடுதலா தெரியலாம். ஆனா அதே சுவருக்கு அது மூணுல ஒரு பங்கு எடைதான் வேணும். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு எவ்வளவுன்னு கேக்கணும்.

சாம்பலைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அனல்மின் நிலையக் கழிவுங்கிறதால அதுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம்னு போடுறாங்க. புகை முழுக்க மின்சாரத்தோட கணக்குல. இன்னிக்கு இதை நான் ஏத்துக்கிறேன். ஆனா நிலக்கரி நிலையங்கள் குறையக் குறைய அந்தச் சாம்பலும் குறையும். அதனாலதான் எல்சி3 சிமெண்ட் எனக்கு இவ்வளவு முக்கியமாப் படுது. சுவிட்சர்லாந்து, கியூபா ஆராய்ச்சியாளர்களோட சென்னை, டெல்லி, மும்பை ஐஐடிகளும் சேர்ந்து வளர்த்தது. கிளிங்கர் பாதிதான், மீதி பெரும்பாலும் சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும். களிமண்ணுக்கு 800 டிகிரி போதும். 40 சதவீதம் வரைக்கும் கார்பன் குறையும். 2023ல இந்தியத் தரநிலையும் வந்தாச்சு.

உங்க வீட்டு எஸ்டிமேட்டை எடுத்து, ரேட்டுக்குப் பக்கத்துல கார்பனுக்கு ஒரு கட்டம் போடுங்க. சிமெண்ட், கம்பி, செங்கல் மூணையும் முதல்ல நிரப்புங்க; ஸ்விட்சு, கைப்பிடி எல்லாம் அப்புறம். சிலாப் அஞ்சு இன்ச்சா ஆறு இன்ச்சான்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட கேளுங்க; அவர் கணக்குப்படி அஞ்சு போதும்னா அஞ்சே போடுங்க. 1000 சதுர அடிக்கு அந்த ஒரு இன்ச்சுக்கு மட்டும் 15 மூட்டைக்குக் குறையாம சிமெண்ட் போகும்.