பழுதை நடிக்கும் மீட்டர்

பல்லாவரம் வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்க அவ்வூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று உண்டு. இத்தகைய நிலையங்களும், மாசு மிகுந்தவையென வகுக்கப்பட்ட 17 வகைத் தொழில்களும் தாம் வெளியேற்றும் நீரின் தன்மையை இடையறாது அளந்து காட்டவேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் பணித்தது. அளப்பது மீட்டரின் வேலை. அந்த அளவைக் கேட்டறிந்து, அமிலமோ சுண்ணாம்போ விடும் பம்பை இயக்குவதும் நிறுத்துவதும் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டு யந்திரத்து மென்பொருளின் வேலை.

இவ்விரண்டும் பெரும்பாலும் ஆர்.எஸ்.-485 என்னும் இரட்டைக் கம்பி இணைப்பில், 1979-இல் அமெரிக்காவின் மோடிகான் கம்பெனி வகுத்த மோட்பஸ் விதிப்படி சம்பாஷிக்கின்றன. ஓர் அளவைக் கேட்க யந்திரம் அனுப்புவது எட்டே பைட்டுகள்: முதலாவது மீட்டரின் எண், அடுத்தது படித்துச் சொல்லுமாறு கட்டளை, பிறகு எந்த இடத்திலிருந்து எத்தனை அளவுகள் என்பது, கடைசி இரண்டும் செய்தி வழியில் சிதையவில்லையென்று சரிபார்க்கும் எண். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் இக்கேள்வி சென்று முடிய விநாடியில் நூறிலொரு பங்கும் ஆகாது.

மென்பொருளைப் பரிசோதிக்க ஓடுகின்ற நிலையத்தை நிறுத்த இயலாதாகையால், ஒரு லேப்டாப்பை மீட்டராக நடிக்கச் செய்து, யூ.எஸ்.பி. கன்வர்ட்டர் வழியாக அதனை யந்திரத்துடன் இணைக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் அமில-கார அளவு (pH) 7.2 என்று ஒழுங்காக விடை சொல்லும் போலி மீட்டரை எழுதுவது எளிது. ஆனால் அதனால் விளையும் பிரயோஜனம் சொற்பமே. கம்பி அறுந்து மீட்டர் மௌனமான பின்னும், கடைசியாக வந்த 7.2-ஐயே திரையில் காட்டிக்கொண்டு, அதை நம்பிப் பம்பை நடத்தும் மென்பொருள்தான் மெய்யான அபாயம். ஆகவே போலி மீட்டர் தாமதிக்கவும், பாதி விடையோடு நிற்கவும், சரிபார்ப்பு எண்ணைக் கெடுக்கவும், வேறொரு மீட்டரின் எண்ணில் பதிலளிக்கவும் அறிந்திருக்க வேண்டும். அவ்வொவ்வொரு சந்தர்ப்பத்திலும் மென்பொருள் எத்தனை விநாடியில் எச்சரிக்கை எழுப்புகிறது, பம்பை எந்த நிலையில் விடுகிறது என்பதையே பரிசோதகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் வற்புறுத்தத் தக்கது. மென்பொருளை எழுதியவரே போலி மீட்டரையும் எழுதினால், அளவு இருக்கும் இடத்தின் எண்ணை ஒன்று தள்ளிப் புரிந்துகொண்ட பிசகு இரு பக்கமும் ஒத்துப்போய், சோதனை முழு வெற்றியாகத் தோன்றும். மீட்டருடன் வரும் கையேட்டை மட்டும் ஆதாரமாகக் கொண்டு வேறொருவர் போலி மீட்டரை எழுதுவதே முறை. அதன் பின்னரும், இணைப்பின் இரு முனைகளில் வைக்கும் 120 ஓம் தடையும், பக்கத்து மோட்டார் எழுப்பும் மின் இரைச்சலும் லேப்டாப்புக்குள் அடங்காதவை. அவற்றை நிலையத்துக்கே சென்று, உண்மைக் கம்பியில்தான் பார்த்தாக வேண்டும்.