இருண்ட ஹோலுக்கு எந்தக் கொடி?

மலைநாட்டில் வாழும் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. நுவரெலியா, ஹட்டன், வெலிமடை, பண்டாரவளை போன்ற இடங்களில் கடைத்தெரு வீடுகள் இரு பக்கமும் அடுத்தவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். முன்னால் கடை, பின்னால் குசினி, நடுவில் ஹோல். அந்த நடு ஹோலுக்கு நேரடி வெயில் என்பதே கிடையாது. இருக்கின்ற ஒன்றிரண்டு ஜன்னல்களையும் குளிர்காற்றுக்குப் பயந்து பகலிலேயே சாத்திவிடுகிறோம். இப்படியான அறையில் பச்சையாக ஏதாவது படர்ந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று எமது சகோதரிகள் ஆசைப்படுவது இயல்புதான்.

ஆசை வந்ததும் நாம் செய்வது என்ன? பக்கத்து வீட்டில் ஒரு துண்டு மணி பிளாண்ட் வாங்கி, வெறும் ஜாம் போத்தலில் தண்ணீர் நிரப்பி, அலுமாரிக்கு மேல் வைத்துவிடுகிறோம். சில வாரங்கள் பிழைத்திருக்கும். மார்கழி, தைக் குளிர் வந்ததும் இலை மஞ்சளாகும், ஓரம் கறுக்கும், தண்டு அழுகிக் குழைந்துவிடும். உடனே வீட்டுக்காரி, "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிக் கவலைப்படுவாள். கைராசியும் இல்லை, கண்ணூறும் இல்லை, சகோதரிகளே! அந்தச் செடி அந்த அறைக்கு உரியதல்ல, அவ்வளவுதான்.

மணி பிளாண்டின் பிறப்பிடம் பசுபிக் சமுத்திரத்தில் தஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மூரியா என்ற சிறு தீவு. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த இடம். நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ்தான். தை, மாசி இரவுகளில் 10 பாகைக்கும் கீழே இறங்கும், சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியும் படியும். மணி பிளாண்ட் 15 பாகைக்குக் கீழே போனால் வளர மறுக்கும், 10க்குக் கீழே போனால் நோவுபடும். கொழும்பிலும் கல்முனையிலும் காடாக மண்டுகின்ற அதே கொடி இங்கே வாடி வதங்குவதன் இரகசியம் இதுவே.

பெயரில் 'மணி' இருப்பதால் வீட்டில் பணம் சேரும் என்றும், திருடி நட்டால்தான் அது தழைக்கும் என்றும் ஒரு பேச்சு எம்மவரிடையேயும் நுழைந்திருக்கிறது. றிஸ்க்கை ஒரு கொடியிடம் எதிர்பார்ப்பதும், அதற்காக அடுத்தவர் வேலிக்குள் கை நீட்டுவதும் எமக்கு ஆகுமானவையா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

செடி வாங்கப் போகுமுன் அறையைப் பார்க்க வேண்டும். எமது கண் இருட்டுக்குத் தன்னைச் சரிசெய்து கொள்ளும் இயல்புடையது. ஆகையால் ஜன்னலோரத்துக்கும் அறையின் உள்மூலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஜன்னலிலிருந்து சில அடிகள் உள்ளே போனதுமே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடுகிறது. இதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு மின்குமிழை அணைத்துவிட்டு, செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மேல் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் மங்கலாகவேனும் விழுந்தால் அங்கே சில கொடிகள் வாழும். நிழலே விழவில்லை, பத்திரிகையின் சிறிய எழுத்தையும் வாசிக்க முடியவில்லை என்றால் அங்கே எதுவும் நிலைக்காது. அவ்விடத்துக்கு வெள்ளை எல்.இ.டி. குமிழொன்றைச் செடிக்கு அண்மையில் பொருத்தி, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட வேண்டும். மின் கட்டணப் பட்டியலை நினைத்துத் தயங்குகிறவர்கள் வேறொன்று செய்யலாம். ஒரே செடியை இரண்டு சாடிகளில் வளர்த்து, ஒன்றை உள்ளேயும் மற்றதை ஜன்னலோரத்திலும் வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். நான் இதையே விரும்புவேன்.

குளிரும் இருட்டும் சேர்ந்தால் செடிக்கு இரட்டைத் துன்பம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. செடி வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. அவ்வுணவைச் சுவாசத்தில் செலவழிக்கிறது. வெப்பம் கூடினால் செலவும் கூடும். குளிர்ந்த அறையில் செலவு குறைவு. ஆகவே வருமானம் குறைந்த இருட்டறையில், குளிரைத் தாங்கும் செடிக்கு அந்தக் குளிரே ஓரளவு துணையாகிறது. நாம் தேட வேண்டியது குளிர் நாட்டில் பிறந்து நிழலில் பழகிய கொடியை.

அந்த வகையில் முதலிடம் ஐவிக்கு. ஐரோப்பியக் காடுகளில் மரங்களின் நிழலில் தரையெங்கும் படர்ந்து, மரத்தில் ஏறும் கொடி இது. உறைபனியையே தாங்கும் இதற்கு எமது நுவரெலியாக் குளிர் ஒரு பொருட்டல்ல. சூடான, காற்று வரண்ட அறையில் வைத்தால்தான் சிவப்புச் சிற்றுண்ணி பிடித்து நாசமாகும். அரபியில் இதற்கு 'லப்லாப்' என்று பெயர். நாம் கறி சமைக்கும் அவரையின் தாவரவியல் பெயரிலும் அதே 'லப்லாப்' இருக்கிறது. சுற்றிப் படர்வதால் இரண்டுக்கும் ஒரே பெயர் வாய்த்தது போலும். ஐவியில் வெள்ளைக் கோடு போட்ட இலையுடையவை பார்வைக்கு அழகு. ஆனால் இலையின் வெள்ளைப் பகுதி உணவு தயாரிப்பதில்லை. மங்கலான அறைக்கு முழுப் பச்சை இலையையே தெரிவு செய்யுங்கள். சுவரில் நேரே ஏறவிடவும் வேண்டாம். அதன் சிறு வேர்கள் பெயின்றைப் பிடித்துக்கொண்டால், பிறகு கொடியோடு பெயின்றும் உரிந்து வரும். கம்பிச் சட்டமொன்றிலோ தும்பு சுற்றிய தடியிலோ ஏற்றுவது நல்லது.

அடுத்தது கிரேப் ஐவி. பெயர் ஐவியானாலும் இது ஐவி இனமல்ல, திராட்சைக் குடும்பம். இன்னும் நெருங்கிச் சொன்னால், எமது உம்மாமார் துவையல் அரைக்கும் பிரண்டையும் இதுவும் ஒரே சிசஸ் இனத்தைச் சேர்ந்தவை. மும்மூன்றாகப் பிரிந்த, மினுமினுக்கும் இலை. பற்றுக்கம்பிகளால் தானே பிடித்து ஏறிவிடும். 10 பாகைக் குளிரையும் மங்கலான வெளிச்சத்தையும் பொறுத்துக்கொள்ளும். நாற்றுமேடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கலாம். இருந்தாலும் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். காரணத்தைக் கீழே பாருங்கள்.

கண்டி, மாத்தளை, மாவனல்லை போன்ற இளஞ்சூடான இடங்களில் உள்ளோர் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. அங்கே இதய வடிவ இலையுடைய பிலோடென்ட்ரன் இருட்டைச் சகிப்பதில் மணி பிளாண்டையும் மிஞ்சிவிடும். இரண்டையும் பிரித்தறிய இலைக்காம்பைத் தடவிப் பாருங்கள். மணி பிளாண்டின் காம்பில் மேற்புறம் வாய்க்கால் போன்ற பள்ளமிருக்கும், இலையும் தடிப்பு. பிலோடென்ட்ரனின் புது இலை மெல்லிய உறையொன்றுக்குள்ளிருந்து வெளிவரும்.

இனி, பிள்ளைகள் விடயம். மணி பிளாண்ட், பிலோடென்ட்ரன், அம்பு போன்ற இலையுடைய சிங்கோனியம், ஓட்டை இலை மொன்ஸ்டெரா ஆகிய அனைத்தும் சேம்பின் குடும்பத்தவை. சரியாக வேகாத சேம்பைத் தின்றால் தொண்டை அரிக்கிறதல்லவா? கல்சியம் ஒட்சலேட் எனும் ஊசி போன்ற நுண்ணிய பளிங்குகளே அதற்குக் காரணம். இந்தக் கொடிகளின் இலையிலும் தண்டிலும் அவை நிறைந்துள்ளன. தவழும் குழந்தை ஓர் இலையைக் கடித்துவிட்டால் வாய் எரியும், உதடும் நாவும் வீங்கும். ஐவியின் இலையும் காயும் வேறு விதத்தில் நஞ்சு. அதன் சாறு சிலருக்குத் தோலில் கொப்புளம் போடும், ஆகவே கத்தரிக்கும்போது கையுறை அவசியம். கிரேப் ஐவியில் இந்த ஆபத்து இல்லை.

குழந்தை கடித்துவிட்டது என்று தெரிந்தால் வாயிலுள்ளதை விரலால் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ சிறிது பருகக் கொடுங்கள். வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வீக்கம் கூடினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்தச் செடி என்று வைத்தியருக்குக் காட்ட ஓர் இலையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். எந்தக் கொடியானாலும் தொங்கும் நுனி குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவ்வளவு எழுதியும் பயனில்லை. குளிர்ந்த இருட்டறையில் சாடி மண் காய்வதற்கு நீண்ட நாட்கள் பிடிக்கும். பாசத்தோடு தினமும் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். இலை வாடுவதைக் கண்டு மேலும் ஊற்றுவோம், கதை முடிந்தது. விரலை இரண்டாவது மூட்டு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மண்ணோடு பெருமணலும் தும்புத் தூளும் கலந்து, அடியில் துளையுள்ள சாடியில் நடுங்கள். மாதமொருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிட்டால், கிடைக்கும் சொற்ப வெளிச்சமாவது தூசியில் வீணாகாது.

தண்ணீர்ப் போத்தலில் வளர்ப்பதை நான் ஊக்குவிக்கமாட்டேன், குறிப்பாகக் கண்டி, கொழும்புப் பக்கங்களில். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த நுளம்புக்கு ஒரு கோப்பைத் தெளிந்த தண்ணீர் போதும். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும் நுளம்பாகிவிடும். போத்தலில்தான் வளர்ப்பேன் என்பவர்கள் வாரம் இருமுறை தண்ணீரை மாற்றி, உட்புறத்தையும் வேரையும் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை போத்தல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே தண்ணீரை ஊற்றிவிட்டால் போகாது. சாடிக்குக் கீழுள்ள தட்டையும் மறந்துவிடாதீர்கள்.

வீட்டுக்குள் கொடி வளர்த்தால் காற்று சுத்தமாகும் என்று சொல்லி விற்கிறார்களே, அது எப்படி என்று கேட்பீர்கள். 1989இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் வெளியிட்ட ஆய்வு அதற்கு மூலம். அது காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் நடந்த பரிசோதனை. 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, சாதாரண வீடொன்றில் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டுமெனக் கண்டார்கள். அப்புறம் நாம் உட்காருவது எங்கே? காற்றுக்குக் காலையில் அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

கத்தரித்த துண்டுகளை ஆற்றங்கரையிலோ வீட்டுக்குப் பின்னாலுள்ள பற்றைக்காட்டிலோ எறிய வேண்டாம். கண்டிப் பக்கத்தில் அப்படி எறிந்த மணி பிளாண்ட் மரத்தில் ஏறி, தட்டளவு இலைவிட்டு, மரத்தையே மூடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டுகளைச் சிறிதாக வெட்டி, வெயிலில் நன்கு காயவைத்து, பிறகு கூட்டெருக் குழியில் போடுங்கள்.