வெந்நீர் அடுப்பில் விறகுச் சிக்கனம்

கறம்பக்குடி வட்டாரத்தில் குளிர்காலத்தில் குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் வெந்நீர் வைக்க விறகடுப்பையே நாடும் வீடுகள் இன்றும் பல. தென்னை மட்டையும் சுள்ளியும் விலையின்றிக் கிடைப்பதாகத் தோன்றலாம். ஆனால் அவற்றைச் சுமந்து வருபவரும், அடுப்பின் புகையைச் சுவாசிப்பவரும் நம் இல்லத்துப் பெண்மணிகளே. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் இப்பகுதி இழந்த மரங்களை நினைத்தால், விறகின் அருமையும் விளங்கும்.

20 லிட்டர் நீரின் உஷ்ணத்தை 15 டிகிரி உயர்த்த 300 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த விறகில் ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி உண்டு. கணக்குப்படி 75 கிராம் விறகே போதும். ஆயினும் திறந்த மூன்று கல் அடுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெப்பமே நீரைச் சேர்கிறது. எஞ்சியது காற்றோடு போகிறது. எனவே முக்கால் கிலோ எரிக்கிறோம்.

இதனைக் குறைக்கும் வழிகள் எளியவை:

1. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. விறகைப் பிளந்து, நன்கு உலர்த்தி, மழை படாமல் அடுக்குக.

2. அண்டாவை மூடி வைக்க. ஒரு லிட்டர் நீர் கொதித்து ஆவியானால் வீணாகும் வெப்பம், 36 லிட்டரைக் குளிக்கும் சூட்டிற்குக் கொணரப் போதுமானது. நீரைக் கொதிக்கவிடாமல், தேவையான சூட்டில் இறக்குக.

3. அண்டாவின் வெளியே படியும் கரியையும், உள்ளே படியும் உப்பையும் அடிக்கடி தேய்த்து நீக்குக. இவை வெப்பத்தைத் தடுக்கும்.

4. நம் முன்னோரின் கொடியடுப்பைப் பயன்படுத்துக. சோறு வேகும்போதே, மிஞ்சும் அனல் பக்கத்து அடுப்பில் நீரைச் சூடாக்கிவிடும். தனி விறகு வேண்டுவதில்லை.

இதே தத்துவத்தைக் கொண்டு, 1950-களில் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தின் டாக்டர் எஸ். பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை அமைத்தார். 1980-களில் மத்திய அரசு இத்தகைய அடுப்புகளை நாடெங்கும் பரப்பியது. கரி அடைத்த புகைபோக்கியைச் சுத்தம் செய்யாத இடங்களில் அவை பயனற்றுப் போயின. அமைப்பதோடு பராமரிப்பும் அவசியம் என்பதே இதன் படிப்பினை. ஓலைக் கூரையில் தீப்பொறி படாதவாறு புகைபோக்கியை அமைப்பதும் இன்றியமையாதது.

ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபை நாளன்று திறந்த அடுப்பையும் கொடியடுப்பையும் அருகருகே மூட்டி, இரண்டிலும் ஒரே அளவு சோறும் வெந்நீரும் ஆக்கி, செலவான விறகை மக்கள் முன்னிலையில் தராசில் நிறுத்துக் காட்டலாம். நூறு சொற்பொழிவுகளைவிட அந்தத் தராசு தெளிவாகப் பேசும்.